நீங்கள் ஹோம்லியே இல்லை

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது. வைகாசியில் கருட சேவைக்கு வருகிற சொந்தக்காரர்கள் தங்குவதற்கென்று கட்டியது. அவர்கள் கிளம்பிப் போய்விட்டால் அடுத்த வைகாசி வரை அங்கே என் வடாமும் வற்றலும்தான் குடியிருக்கும். ஏனாத்தூரில் கல்லூரிக்குப் போகும் என் மகளுக்கு அது பொறுக்கவில்லை.

"சும்மா பூட்டி வச்சிக்கினு இருக்கோம். நெட்ல போட்டா வெளியூர்க்காரங்க வந்து தங்குவாங்கமா. கோயிலுக்கு வராங்க, பட்டுப் புடவை எடுக்க வராங்க, எல்லாரும் லாட்ஜ்லயேவா தங்கணும்?" என்றாள்.

என் கணவர் பட்டுப் புடவைகளுக்குக் கணினியில் டிசைன் போடுகிறவர். கரையில் வரும் மயிலின் கழுத்து ஒரு புள்ளி கூடுதலாக வளைந்தாலும் விடமாட்டார். மற்ற எல்லா விஷயத்துக்கும் அவரிடம் ஒரே பதில்தான். "ஆவட்டும்" என்றார்.

அன்றைக்கே மகள் படிக்கட்டில் உட்கார்ந்து செல்போனில் தட்ட ஆரம்பித்தாள். அறை, கட்டில், ஜன்னலில் தெரியும் கோபுரம் என்று வரிசையாகப் படம் எடுத்தாள். என்னையும் வாசல் நிலைப்படியில் நிற்க வைத்து ஒன்று எடுத்தாள். தலை பின்னி, பூ வைத்து, சுங்குடிப் புடவையில் நின்றேன். பிறகு கேட்டாள், "நம்ம வீட்டப் பத்தி நாலு வார்த்த எழுதணும். இன்னா எழுதறதுமா?"

நான் யோசிக்கவே இல்லை. "ஹோம்லின்னு போடு" என்றேன்.

"எத?"

"எல்லாத்தையும்தான்."

அப்படியே போட்டாள். ஹோம்லி ரூம். ஹோம்லி ஃபுட். ஹோம்லி ஃபேமிலி. கீழே என் படம்.

என் இங்கிலீஷ் பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற இங்கிலீஷ். கடை போர்டு படிப்பேன், மருந்துச் சீட்டு படிப்பேன், டிவியில் வேகமாகப் பேசினால் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வேன். ஆனால் இந்த ஒரு வார்த்தையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என்னை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே அதுதான்.

வாலாஜாபாத்தில் எங்கள் வீட்டுக்கு இவர்கள் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அக்காதான் என்னைப் பார்த்தார். பின்னலின் நுனியிலிருந்து கால் விரல் வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, காபி டம்ளரைக் கீழே வைத்து, "பொண்ணு ஹோம்லியா இருக்குது. எங்களுக்கு இது போதும்" என்றார். பேச்சு முடிந்துவிட்டது. சமையல்கட்டில் அம்மா என் முழங்கையைப் பிடித்து, "அப்படின்னா இன்னாடி? நல்லதா?" என்று கேட்டாள். "நல்லதுதாம்மா" என்றேன். சினிமாவில் கதாநாயகன் கடைசியில் கட்டிக்கொள்கிற பெண்ணை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அடக்கம், லட்சணம், குடும்பப்பாங்கு, பெரியவர்களுக்கு முன்னால் குரல் உயர்த்தாதது, தலைமுடியைப் பின்னிப் போடுவது, எல்லாம் அதற்குள் அடங்கும் என்று நான் புரிந்துவைத்திருந்தேன். கல்யாணத் தரகர்கள் சொல்வார்கள். வரன் விளம்பரங்களில் வரும். ஏனாத்தூர் சாலையில் மாணவர்களுக்கான மெஸ் ஒன்றில்கூட ஹோம்லி மீல்ஸ் என்று போர்டு தொங்கும். அங்கே சமைப்பவர் பெரிய மீசை வைத்த, எந்நேரமும் யாரையாவது அதட்டிக்கொண்டிருக்கும் மனிதர். இருந்தாலும் அந்த வார்த்தையைப் பார்த்தாலே ரசத்தின் வாசனை வருகிற மாதிரி இருக்கும்.

சிலருக்கு பி.ஏ., சிலருக்கு பி.காம். எனக்கு ஹோம்லி. நாத்தனார் வாயால் கிடைத்த பட்டம் என்பதால் மதிப்பு அதிகம்.

நெட்டில் போட்டபின் சில பேர் வந்தார்கள். பெங்களூரிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம், கோயில் கோயிலாகச் சுற்றும் ஓய்வுபெற்ற தம்பதி ஒன்று. வந்தார்கள், சாப்பிட்டார்கள், நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான், சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள், அமெரிக்காவிலிருந்து அந்தப் பெண் வந்தாள்.

முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மாடி அறை வாசலில் குனிந்து நுழைகிற உயரம். முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீலத்தில் ஒரு மீன் பச்சை குத்தியிருந்தது. புடவையின் உடலையும் கரையையும் வேறுவேறு நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வை நெசவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்திருந்தாள். எங்கள் தெருவிலேயே தறி போட்டிருக்கும் ஒரு வீட்டில் பேசி வைத்திருந்தாள். தமிழில் வணக்கம், போதும், நல்லா இருக்கு, அக்கா, அண்ணா என்று கொஞ்சம் வார்த்தைகள் தெரியும். போதும் என்பதை மட்டும் அவள் சாப்பாட்டின்போது உபயோகிக்கவே இல்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

வந்த அன்று சாயங்காலம், தோசையும் வேர்க்கடலைச் சட்னியும் செய்திருந்தேன். மகள் செமஸ்டர் பரீட்சைக்காகத் தோழி வீட்டில் படிக்கப் போயிருந்தாள். நானும் என் கணவரும் அந்தப் பெண்ணும்தான். நான் எப்போதும் வீட்டில் இருக்கிற மாதிரி நைட்டி போட்டு, தோளில் ஒரு துண்டு, தலையில் கிளிப் என்று தோசைக்கல்லுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஜன்னலை ஏன் கம்பி வலை போட்டு அடைத்திருக்கிறீர்கள் என்று அவள் சைகையில் கேட்டாள். குரங்கு என்று சொன்னேன். மங்கி. போன மாதம் ஒரு குரங்கு உள்ளே வந்து இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், எதிர்வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு இட்லியாகப் பிய்த்து முகர்ந்து பார்த்த கதையைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. அதனால் நடித்தே காட்டினேன். தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, இட்லியை முகர்ந்து, முகத்தைச் சுளித்து, என் கணவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன். சொல்லும்போதே எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சிரித்து ஓய்ந்த பிறகு அவள் நெஞ்சில் கை வைத்து, எனக்குப் புரியவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அக்கா, யூ ஆர் நாட் ஹோம்லி. நாட் ஹோம்லி அட் ஆல்!"

நான் தரையிலிருந்து எழுந்துகொண்டேன்.

"தேங்க்யூ, தேங்க்யூ. இன்னொரு தோசை?" என்றார் என் கணவர்.

சமையல்கட்டுக்குள் அவர் தட்டோடு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அவ இன்னா சொன்னா, நீங்க இன்னாத்துக்குத் தேங்க்யூ சொல்றீங்க?"

"இன்னா சொல்லிச்சி?"

"நான் ஹோம்லி இல்லியாம். கொஞ்சம்கூட இல்லியாம்."

அவர் சற்று யோசித்தார். "அப்படியா சொல்லிச்சி? நான் தோசையப் பத்தி ஏதோ சொல்லுதுன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அடுத்த தோசை கருகிப்போனது. நாடு விட்டு நாடு வந்த பெண், வந்த அன்றைக்கே முகத்துக்கு நேராக எப்படிச் சொல்லலாம் என்று முதலில் தோன்றியது. பிறகு அவளைச் சொல்லி என்ன, படத்தில் பூவும் புடவையுமாக நின்றுவிட்டு, நேரில் நைட்டியோடு குரங்கு மாதிரி குந்தி உட்கார்ந்தால் யார்தான் சொல்லமாட்டார்கள் என்று தோன்றியது. மகளிடம் சொல்லலாமென்றால் வெட்கமாக இருந்தது. சரி, நாளையிலிருந்து காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

காட்டினேன். காலையில் எழுந்ததும் குளித்து, கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டினேன். வாசலில் படிக்கோலம். தலையில் மல்லிகை. டைனிங் டேபிளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் பாய் விரித்து இலை போட்டேன். வாழைப்பூ வடை, மாங்காய்ப் பச்சடி, பருப்புசிலி என்று ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே போனது. எல்லாவற்றையும் விடக் கஷ்டம், சத்தமாகப் பேசாமலிருந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய தொண்டை இது. அதை அடக்கி, கேட்டதற்கு மட்டும், தலையைக் குனிந்தபடி பதில் சொன்னேன். குரங்குப் பேச்சையே எடுக்கவில்லை.

"அக்கா, ஃபெஸ்டிவல்?" என்று இலையைப் பார்த்துக் கேட்டாள் அவள்.

"நோ ஃபெஸ்டிவல். டெய்லி லைக் திஸ்" என்றேன் மெல்லிய குரலில்.

அவள் என்னைக் கவலையோடு பார்த்தாள். சாப்பிட்டு மாடிக்குப் போனவள் திரும்பி இறங்கிவந்து, ஒரு மாத்திரை அட்டையை என் கையில் வைத்து, தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். எனக்குக் குரல் கட்டிவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

என் கணவருக்கு மட்டும் கொண்டாட்டம். "இந்தப் பொண்ணு தீபாவளி வரைக்கும் இருந்தா தேவல" என்று வடையைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் திருப்புட்குழியிலிருந்து நாத்தனார் வந்தார். என்னை ஹோம்லி என்று சொல்லி எடுத்த அதே நாத்தனார்தான். சென்னையில் வீடு வீடாகப் பட்டுப் புடவை கொண்டுபோய் விற்கிறவர். சென்னைக்கு மட்டும் பஸ், மற்றபடி எங்கே போனாலும் ஸ்கூட்டர்தான். அவர் குரல் தெருமுனையில் கேட்டால் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிடலாம், வந்து உட்காருவதற்கும் பொங்குவதற்கும் சரியாக இருக்கும். மாங்காய்ப் பையை இறக்கி வைத்துவிட்டு, கஞ்சி போட்ட புடவையில் அம்மியருகே நின்ற என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, மட்ட மத்தியானத்துல இந்தக் கோலம்? யாராவது பொண்ணு பாக்க வராங்களா?"

அவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது.

"உன்னயா? ஹோம்லி இல்லன்னா சொன்னா? நான் பாத்து எடுத்த பொண்ணும்மா நீ! எத்தினி வீடு ஏறி இறங்கி, எத்தினி வீட்டு பஜ்ஜி தின்னு எடுத்தேன்! அப்ப எனக்குப் பாக்கத் தெரியலன்னு சொல்றாளா? எங்க அவ?"

"வேணாம் அண்ணி. விருந்தாளி."

"விருந்தாளின்னா? நான் சண்ட போடப் போறதில்ல. எந்த விதத்துல இல்லன்னு கேக்கப் போறேன், அவ்ளோதான்."

அந்தப் பெண் அப்போதுதான் தறி வீட்டிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்து மாடி ஏறியிருந்தாள். ஸ்டடி லீவில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்த என் மகளை நாத்தனார் கையைப் பிடித்து எழுப்பினார். "வாடி, இங்கிலீஷ் பேசணும்." மூன்று பேரும் படியேறினோம். பின்னாலேயே என் கணவரும் வந்தார், தடுக்க அல்ல, பார்க்க.

அறையில் அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து விரல்களை நீவிக்கொண்டிருந்தாள். எங்கள் எல்லோரையும் ஒன்றாகப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். நாத்தனாரும் வணக்கம் சொல்லிவிட்டு மகளிடம் திரும்பினார்.

"கேளு. எங்க வீட்டுப் பொண்ண ஹோம்லி இல்லன்னு சொன்னியாமே, இன்னா கொற கண்டேன்னு கேளு."

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, அவங்க அப்படியா சொன்னாங்க? எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி இங்கிலீஷில் கேட்டாள்.

அந்தப் பெண் முதலில் குழம்பினாள். ஆமாம், சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன், உங்கள் அம்மா ஹோம்லியே கிடையாது என்று மறுபடி சொன்னாள். நாத்தனார் இடுப்பில் கை வைத்தார். "பாத்தியா, இப்பயும் சொல்றா!" என் மகள் ஏதோ விளக்க ஆரம்பித்தாள். பேசப் பேச அந்தப் பெண்ணின் கை மெதுவாக மேலே போய் வாயை மூடிக்கொண்டது. காது வரை சிவந்துவிட்டாள். படபடவென்று என்னென்னவோ சொன்னாள். என் மகள் கேட்டுக்கொண்டே வந்தவள், திடீரென்று சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாடி? சொல்லிட்டுச் சிரி!" என்றார் நாத்தனார்.

"அத்தே, அவங்க ஊர்ல ஹோம்லின்னா..." மறுபடி சிரிப்பு. "ஹோம்லின்னா பாக்க நல்லா இருக்க மாட்டாங்கன்னு அர்த்தமாம். மூஞ்சி சுமாரா இருக்கறவங்களச் சொல்ற வார்த்தையாம். அம்மா அழகா இருக்காங்கன்னுதான் சொன்னாங்களாம்!"

எனக்கு அந்த மூன்று வரிகளும் கண்முன் வந்தன. அழகில்லாத அறை. அழகில்லாத சாப்பாடு. அழகில்லாத குடும்பம். கீழே என் படம்.

நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப, நாங்க எல்லாரும் அசிங்கமா இருப்போம் வாங்கன்னு உலகத்துக்கே சொல்லிக்கினு இருக்கீங்களா?"

அதற்குமேல் அடக்க முடியவில்லை. அடக்கி வைத்திருந்த குரலெல்லாம் சேர்ந்து, நான் சிரித்த சிரிப்பில் ஜன்னல் மேல் உட்கார்ந்திருந்த புறா பறந்துபோனது. என் கணவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல், ஸாரி அக்கா, ஸாரி அக்கா என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

"எல்லாம் சரி, அப்படிப் போட்டிருந்தும் எதுக்கு இங்க வந்தா? அதக் கேளு" என்றார் நாத்தனார்.

அதற்கு அவள் சொன்ன பதிலை மகள் மொழிபெயர்த்தாள். நெட்டில் ஊரில் இருக்கிற எல்லா அறைகளையும் பார்த்தாளாம். எல்லோரும் எங்கள் அறை பிரமாதம், சொர்க்கம் என்று எழுதியிருந்தார்களாம். ஒரே ஒரு வீட்டில் மட்டும் எங்கள் அறையும் சுமார், சாப்பாடும் சுமார், நாங்களும் சுமார் என்று எழுதி, வாசலில் சந்தோஷமாக நிற்கிற ஒரு அம்மாவின் படத்தையும் போட்டிருந்தார்களாம். இப்படி எழுதக்கூடியவர்களை எப்படியாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியதாம்.

அன்று மதியம் தரையில் இலை போடவில்லை. டேபிளை மறுபடி நடுவில் இழுத்துப் போட்டு, ஆளுக்கொரு தட்டில் குழம்பு சாதம் சாப்பிட்டோம். நான் நைட்டிக்கு மாறிவிட்டேன்.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் மொட்டைமாடிக்குப் போனோம். நாத்தனார் அன்றைக்குப் புறப்படுகிற எண்ணத்தையே விட்டுவிட்டார். அந்த வார்த்தையை உடனே மாற்றியாக வேண்டும் என்பது அவர் கட்சி. மகள் செல்போனில் தேடினாள். இங்கிலாந்துக்காரர்கள் அதை நம்மைப் போல நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறார்களாம், அமெரிக்காவில்தான் இப்படியாம்.

"ஒரே இங்கிலீஷ்தானே?" என்றேன்.

"பெரிய காஞ்சிபுரத்துல பேசற மாதிரியா சின்ன காஞ்சிபுரத்துல பேசறாங்க? இது நடுவுல கடலே இருக்குது" என்றார் என் கணவர். முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு ஆய்ந்துகொண்டே சொன்னார்.

அதற்குச் சமமான வேறு வார்த்தைகளை மகள் படித்துக்கொண்டே வந்தாள். முதலில் கோஸி. அதற்கு என்ன அர்த்தம் என்று நாத்தனார் கேட்டார். வெளியே பனி கொட்டும்போது உள்ளே கம்பளி போர்த்தி, கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி என்று அமெரிக்கப் பெண் விளக்கினாள். "சித்திரையில கம்பளியா? ஒருத்தனும் வரமாட்டான்" என்று தள்ளினார். வார்ம் என்ற வார்த்தைக்கும் அதே கதி. டொமெஸ்டிக் என்றதும் என் கணவர், "அது கேஸ் சிலிண்டருக்குச் சொல்றது" என்றார். காம்ஃபர்டபிள் செருப்புக்கடைப் பேச்சு. டிரடிஷனல் என்று ஊரில் இருக்கிற அத்தனை கடையும் எழுதிவைத்திருக்கிறது.

"சிம்பிள்னு போடலாமா அத்தே?"

"சிம்பிள்ன்ற வார்த்தய நான் நம்பவே மாட்டேன். சிம்பிளா ஒரு பொடவ காட்டுங்கன்னு ஆரம்பிக்கறவங்கதான் கடைசில முந்தானி பூரா ஜரிகை இருக்கறதத் தூக்கிக்கினு போவாங்க."

"பிளெயின்?"

"பிளெயினா? பிளெயின் பாடி, காண்ட்ராஸ்ட் பார்டர், இப்ப அதுதான் ஓடுது. ஆனா நாம பிளெயின் இல்லியே. நம்ம வீட்ல யாரு பிளெயின்?"

அமெரிக்கப் பெண்ணுக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. தமிழில் அதற்கு என்ன வார்த்தை என்று கேட்டாள். குடும்பப்பாங்கு என்றேன். அதற்குள் என்னென்ன வரும் என்று கேட்டாள். புடவை, பின்னல், பூ, குனிந்த தலை, குறைந்த பேச்சு என்று நாங்கள் சொல்லச் சொல்ல மகள் மொழிபெயர்த்தாள். அந்தக் கணக்குப்படி தன்னை ஹோம்லி என்று சொல்லலாமா என்று அவள் நாத்தனாரைக் கேட்டாள்.

நாத்தனார் அவளை, என்னை ஒரு காலத்தில் பார்த்த மாதிரியே, தலையிலிருந்து கால் வரை பார்த்தார். வெட்டிய முடி, நீல மீன், பாக்கெட் வைத்த பேண்ட்.

"அவ ஊர் அர்த்தத்துலயும் இல்ல. நம்ம ஊர் அர்த்தத்துலயும் இல்லன்னு சொல்லு" என்றார்.

அந்தப் பெண் கைதட்டிச் சிரித்தாள். பிறகு முறத்தோடு உட்கார்ந்திருந்த என் கணவரைக் காட்டி, "அண்ணா ஹோம்லி?" என்று கேட்டாள்.

இந்த வீட்டில் சத்தம் போடாதவர் அவர். மாவு ஆட்டுகிறவர் அவர். கொடியில் காயும் துணியை மழைக்கு முன்னால் நினைவாக எடுக்கிறவர், கீரை ஆய்கிறவர், யாராவது கேட்டால் மட்டும் பேசுகிறவர். ஆனால் அந்த வார்த்தை ஆண்பிள்ளை பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை.

"ஆவட்டும்" என்றார் அவர், ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு.

நாத்தனார் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஏகாம்பரநாதர் கோபுரப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார், "என்னப் பாக்க வந்தவங்க வேணாம்னு போனாங்க, தெரியுமா? ரெண்டு எடம். பொண்ணு ஹோம்லியா இல்லன்னு தரகர்கிட்ட சொல்லி அனுப்பிட்டாங்க."

எனக்கு இது தெரியாது. என் கணவர் முறத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்ப எனக்கு அர்த்தம் தெரியாது. தரகரக் கேட்டேன். ஒண்ணுமில்லமா, நீ கொஞ்சம் சத்தமா சிரிக்கிற, அவ்ளோதான்னாரு. நான் இன்னா பண்றது? அவரு சொன்ன விதத்துக்கே எனக்குச் சிரிப்பு வந்துடிச்சி." இப்போதும் சிரித்தார். "அதுக்கப்புறம் உங்க மாமா வந்தாரு. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எல்லாம் சரியாப் போச்சு."

மகள் இதை மெதுவாக இங்கிலீஷில் சொன்னாள். அந்தப் பெண் நாத்தனாரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அதான் தம்பிக்குப் பாக்கறப்ப, இந்த வார்த்தைக்குப் பொருத்தமா ஒரு பொண்ணக் கொண்ணாந்து வீட்ல நிறுத்திடணும்னு இருந்தேன்" என்று என் பக்கம் திரும்பினார். "கொண்ணாந்து பாத்தா, நீ என்னவிட சத்தமா சிரிக்கிற."

"இது தெரிஞ்சிருந்தா வாலாஜாபாத்லயே சிரிச்சிருப்பேன் அண்ணி" என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் கஞ்சிப் புடவைக்குள் நான் பட்ட பாடும் நினைவுக்கு வந்தது. முன்பு புதுப்பெண்ணாக வந்தபோது பல மாதங்கள் அப்படித்தான் இருந்தேன். எப்போது அந்த அடக்கத்தைக் கழற்றி வைத்தேன் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு சிரிப்பில் நாத்தனாரும் நானும் சேர்ந்துவிட்டிருக்கிறோம். அவர் அதை அப்போது கவனிக்கவில்லை, அல்லது கண்டும் காணாமல் விட்டார்.

கடைசியில் வார்த்தை கிடைக்கவே இல்லை. அந்தப் பெண்தான் என் மகளின் செல்போனை வாங்கி, பழைய மூன்று வரியையும் எடுத்துவிட்டு வேறு எழுதினாள். மகள் எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். மாடியில் ஓர் அறை. நாங்கள் சாப்பிடுவதுதான் உங்களுக்கும். எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரிப்போம்.

"கடைசி வரி வேணாமே, பயந்துடப் போறாங்க" என்றேன்.

"இருக்கட்டும்மா. பயப்படறவங்க லாட்ஜுக்குப் போவட்டும்" என்றார் நாத்தனார்.

அந்தப் பெண் கிளம்பும் வரை பிறகு ஒரு வில்லங்கமும் இல்லை. காலையில் தறி வீட்டுக்குப் போவாள், மதியம் சாப்பிட வருவாள், சாயங்காலம் என்னோடு சமையல்கட்டில் நின்று சட்னிக்குத் தாளிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஸ்கூட்டரில் வந்து அவளைத் திருப்புட்குழிக்குக் கூட்டிப்போனார். பின்னால் உட்கார்ந்தவளின் கால் கிட்டத்தட்ட தரையைத் தொட்டது. பெருமாளைச் சேவித்துவிட்டு, அவர் வீட்டில் தங்கி, கையில் மருதாணியோடு திரும்பி வந்தாள். கோர்வை முழுசாகக் கைவரவில்லை என்று அவளுக்குக் குறை. அடுத்த தடவை வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு நாத்தனாருக்கு ஒரு புது வியாதி பிடித்தது. பழக்கமான இங்கிலீஷ் வார்த்தை எதையும் இப்போது அவர் நம்புவதில்லை. சென்னையில் புடவை காட்டும்போது யாராவது ஏதாவது சொன்னால், படி இறங்கியதும் என் மகளுக்குப் போன். டீசெண்ட் என்றால் என்ன, சோபர் கலர் என்றால் குடிக்காத கலரா, ஸ்மார்ட் என்றார்களே, அறிவா அழகா, அமெரிக்காவில் எப்படி, இங்கிலாந்தில் எப்படி. மகள் கல்லூரி பஸ்ஸில் இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அந்தப் பெண் தன் வீட்டிலேயே சின்னதாக ஒரு தறி போட்டு, கோர்வையை முயற்சி செய்கிறாளாம். இழை அறுந்துகொண்டே இருக்கிறதாம். விடப்போவதில்லை, நானும் உங்கள் அண்ணி மாதிரி ஸ்டபர்ன் என்று எழுதியிருந்தாள். நாத்தனாரிடம் போனில் படித்துக் காட்டினேன்.

மறுமுனையில் பஸ் ஹாரன் சத்தம்.

"ஸ்டபர்னா? அப்படின்னா இன்னாம்மா?"

"பிடிவாதம்னு சொல்றா அண்ணி உங்க மருமக."

"அது நம்ம ஊர்ல. அவ ஊர்ல இன்னா? நல்லதா, கெட்டதா?"

நான் போனை மகளிடம் நீட்டினேன். அவள் வாயெல்லாம் இட்லி. கையால் நல்லது என்று சைகை காட்டினாள்.

"நல்லதுதானாம் அண்ணி."

"அப்ப சரி. நானும் அவளத் தேடறேன்னு எழுதச் சொல்லு. அப்புறம், ஞாயித்துக்கிழம ரெண்டு பொடவைக்கு முந்தானி டிசைன் பாக்கணும், தம்பிய வீட்லயே இருக்கச் சொல்லு. வண்டி வந்துடிச்சி, வைக்கறேன்."